8 பேர், 14 ஆட்டம்: உலக செஸ் பட்டத்துக்கு ஆள் பொறுக்கும் கேண்டிடேட்ஸ் முறை எப்படி இருக்கிறது?

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டை என்று வடசென்னையில் சாயங்கால செஸ் வகுப்பு நடக்கிற எந்த இடத்திலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "சார், உலக சாம்பியனோட மோதப் போறது யாருன்னு யாரு சார் முடிவு பண்றாங்க?" கேட்பது ஏழாம் வகுப்புப் பையனாக இருப்பான். வாசலில் வண்டியோடு நிற்கும் அப்பாவும் பதிலுக்காக உள்ளே எட்டிப் பார்ப்பார். 2024இல் அதை முடிவு செய்த போட்டியில் ஜெயித்த குகேஷ் சென்னைப் பையன். அதே போட்டியில் ஆடிய பிரக்ஞானந்தாவும், பெண்கள் பிரிவில் ஆடிய அவர் அக்கா வைஷாலியும் பாடியில் வளர்ந்தவர்கள். வில்லிவாக்கம் தாண்டினால் பாடி. கேள்வி பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது.

முடிவு செய்வது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் கேண்டிடேட்ஸ் போட்டி. அதற்கு ஆள் அனுப்ப நான்கு தகுதி வழிகள். ஹோட்டலை, மிக்ஸியை மதிப்பிடுவது போல இதையும் மதிப்பிடலாம் என்பது எங்கள் எண்ணம்: தருவதாகச் சொன்னதைத் தருகிறதா? சொன்னது ஒன்றுதான், சாம்பியனை எதிர்த்து உட்காரத் தகுதியான ஒரே ஒரு ஆள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் உள்ளூர்ப் போட்டிகளில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, நிற்பவர்களும் சேர்ந்து எழுதும் மதிப்புரை இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உள்ளே நடக்கும் போட்டி, செஸ்ஸில் இதுவரை கண்டுபிடித்த முறைகளிலேயே சிறந்தது. 10க்கு 9 கொடுக்கலாம். உள்ளே போகும் வாசல்கள் அந்தத் தரத்தில் இல்லை. ஒன்று மிக நல்லது, ஒன்று பரவாயில்லை, ஒன்றுக்குப் பழுது பார்க்க வேண்டும், கடைசி ஒன்றை மூடிவிட வேண்டும்.

பழைய நிலையைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய முறையின் அருமை புரியும். 1948க்கு முன்பு எதிராளியைச் சாம்பியனே பொறுக்கிக்கொள்வார். குத்துச்சண்டையை ஊர்ப் பெருமையாக வைத்திருக்கும் வடசென்னைக்கு இதில் என்ன கோளாறு என்று விளக்கவே தேவையில்லை. 1922இல் அன்றைய சாம்பியன் கபபிளாங்கா தலைமையில் எழுதிய லண்டன் விதிகளின்படி, சவால் விடுபவர் 10,000 டாலர் பந்தயப் பணத்தைத் திரட்டிக்கொண்டு வர வேண்டும். ஆட்டம் மட்டும் தெரிந்தவருக்கு அதில் இடமில்லை. அதற்கும் முன்பே ரூபின்ஸ்டைனுக்கு அதுதான் நடந்தது. 1912இல் ஐந்து பெரிய போட்டிகளை வென்றவர் அவர். அப்போதைய சாம்பியன் லாஸ்கருடன் மோத ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே 1914இல் போர் வந்தது. அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. 1927இல் கபபிளாங்காவைத் தோற்கடித்த அலெகைன், மறு ஆட்டம் தராமலே காலத்தை ஓட்டினார். இடையில் 1929, 1934 என்று இரண்டு முறை போகோல்யூபோவுடன் ஆடினார். அலெகைன் 1946இல் பட்டத்தோடு இறந்துபோனதால்தான் ஃபிடேயின் கைக்கு இந்தப் பொறுப்பு வந்தது. 1948இல் ஐந்து பேர் ஆடிய போட்டியில் போட்வின்னிக் சாம்பியன் ஆனார்.

பிறகு மண்டலப் போட்டி, மண்டலங்களில் தேறியவர்கள் மோதும் இன்டர்ஸோனல், கேண்டிடேட்ஸ் என்று படிக்கட்டு கட்டினார்கள். அதில் நம் மாநிலத்துக் கால் பட்டது 1962லேயே. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன், ஸ்டாக்ஹோம் இன்டர்ஸோனலுக்குப் போய் போர்ட்டிஷையும் ஊல்மனையும் வென்றார். அங்கிருந்து அவரால் மேலே ஏற முடியவில்லை. 1991 ஜனவரியில் கேண்டிடேட்ஸ் ஆட்டமே சென்னைக்கு வந்தது. ஆனந்த் இங்கே ட்ரீவை வென்றுவிட்டு, அடுத்த கட்டத்தில் பிரஸ்ஸல்ஸில் கார்ப்போவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்.

அந்தப் படிக்கட்டிலும் ஓட்டை உண்டு. 1962 கூரசாவ் கேண்டிடேட்ஸை மறக்க முடியாது. 8 பேர், ஒவ்வொருவரோடும் நான்கு முறை, மொத்தம் 28 சுற்று. சோவியத் நாட்டின் பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. ஒரே நாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் களைக்கவிடாமல் காப்பாற்றிக்கொண்டு மற்றவர்கள் மீது முழு பலத்தோடு இறங்கலாம் என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஃபிடே அடுத்த முறையிலிருந்து நேருக்கு நேர் மோதும் மேட்சுகளுக்கு மாறியது.

இன்று மறுபடியும் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறைக்கு வந்தும் கூரசாவ் திரும்பவில்லை. அதற்குக் காரணம் ஒரு சின்ன விதி: ஒரே நாட்டவர் ஒவ்வொரு பாதியின் ஆரம்பத்திலேயே மோதி முடித்துவிட வேண்டும். 2024 டொரோண்டோ கேண்டிடேட்ஸில் முதல் சுற்றிலேயே குகேஷும் விதித்தும் மோதினார்கள், கருவானாவும் நகமுராவும் மோதினார்கள். கடைசிச் சுற்றுகளில் யாருக்கு யார் உதவினால் நல்லது என்று கணக்குப் போடும் நேரத்தில் சொந்த நாட்டுக்காரர் எதிரே வர மாட்டார். உள்ளூர்ப் போட்டி நடத்துபவர்கள் இந்த ஒரு விதியையாவது அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பயிற்சியாளரிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் கடைசிச் சுற்றில் மோதவிடுவது அந்தப் பிள்ளைகளுக்கே செய்யும் அநியாயம்.

மேட்ச் முறை நல்லதுதானே, ஏன் விட்டார்கள்? நன்றாக நடந்தபோது அதற்கு ஈடே இல்லை. 1971இல் ஃபிஷர் தைமனோவை 6-0, லார்சனை 6-0, பெட்ரோசியனை 6.5-2.5 என்று வென்று வந்தபோது, தகுதி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கெட்டபோது படு மோசம். 1983இல் ஸ்மிஸ்லோவும் ஹ்யூப்னரும் சமமாக நிற்க, யார் அடுத்த கட்டம் போவது என்பதைச் சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரம் தீர்மானித்தது. 2011 கஸானில் நான்கு ஆட்ட மேட்சுகள் வைத்தார்கள். நான்கே ஆட்டத்தில் ஒரு தோல்வி வந்தால் மீள்வது கடினம் என்பதால் ஆட்டக்காரர்கள் டிராவை நோக்கியே நகர்ந்தார்கள், முடிவு வேக ஆட்டத்தில் வந்தது. மேட்ச் குட்டையானால் எல்லோரும் பயந்து ஆடுவார்கள், நீளமானால் பணம் போதாது. இதுதான் அந்த முறையின் நிரந்தர நோய்.

ஃபிடேக்கு வெளியே நடந்தது இன்னும் கொடுமை. 1998இல், ஃபிடேயிலிருந்து பிரிந்துபோன சாம்பியன் காஸ்பரோவை எதிர்ப்பது யார் என்று முடிவு செய்ய ஷிரோவும் கிராம்னிக்கும் மோதினார்கள். ஷிரோவ் 5.5-3.5 என்று வென்றார். ஆனால் அந்தப் பட்ட ஆட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2000இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரே உட்கார்ந்தது தோற்ற கிராம்னிக். அவர் வென்றும் விட்டார். கிராம்னிக்கின் திறமையில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆடி வாங்கிய இடத்தை ஒருவரிடமிருந்து பறித்தால், அந்த முறைக்கு முறை என்று பேர் வைக்க முடியாது. கேண்டிடேட்ஸை நாங்கள் எடை போடும் படிக்கல் இதுதான்: போர்டில் ஆடி வாங்கிய இடமா, வேறு வழியில் வந்த இடமா?

இனி வாசல்கள். 2026 போட்டிக்கான 8 இடங்கள் இப்படிப் பிரிந்தன: உலகக் கோப்பைக்கு 3, கிராண்ட் ஸ்விஸ்ஸுக்கு 2, சர்க்யூட்டுக்கு 2 (2024க்கு ஒன்று, 2025க்கு ஒன்று), ரேட்டிங்குக்கு (ஆட்ட முடிவுகளை வைத்துக் கணக்கிடும் பலப் புள்ளி) 1.

கிராண்ட் ஸ்விஸ்தான் எங்களுக்கு மிகப் பிடித்தது. 11 சுற்று, எல்லாம் நீண்ட நேர ஆட்டம், 2025 செப்டம்பரில் சமர்கண்டில் 116 பேர் ஆடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சம புள்ளி உள்ளவர்களே மோதுவதால், மேலே ஏற ஏற எதிராளி கடினமாவார். எளிய ஆளாகப் பார்த்துப் புள்ளி சேர்க்க வழியே கிடையாது. ஒரு ஆட்டம் தோற்றாலும் வெளியே போக வேண்டியதில்லை, பத்து ஆட்டம் மிச்சம் இருக்கும். கிரி 8 புள்ளியோடு முதலிடம், ஜெர்மனியின் ப்ளூபாம் 7.5 புள்ளியோடு இரண்டாமிடம். ப்ளூபாம் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அதனாலேயே இந்த வாசல் வேலை செய்கிறது என்று தெரிகிறது. பெண்கள் பிரிவில் 2023, 2025 இரண்டு முறையும் வைஷாலி வென்றதும் இதே வாசலில்தான். குறை ஒன்று உண்டு: சம புள்ளியில் நிற்பவர்களை டை-பிரேக் கணக்கு பிரிக்கிறது. இரண்டாம் இடத்துக்கு ஒரு கேண்டிடேட்ஸ் சீட் தொங்கும்போது, அந்த ஒரு இடத்துக்காவது தனியாக ஆட்டம் வைக்கலாம். மதிப்பெண் 9.

உலகக் கோப்பைக்கு 6 தருகிறோம். 206 பேர், 8 சுற்று, நாக்அவுட். முதல் 50 தரவரிசைக்காரர்களுக்கு முதல் சுற்று கிடையாது. மீதி 156 பேரில் 78 பேர் தேறி, இரண்டாம் சுற்றில் 128 ஆகிறார்கள். அதிலிருந்து பாதி பாதியாகக் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே நீண்ட ஆட்டம், சமமானால் மறுநாள் ரேபிட் என்னும் வேக ஆட்டம், அதிலும் சமமானால் இன்னும் வேகமான பிளிட்ஸ். பார்ப்பதற்குத் தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். யார் தகுதியானவர் என்று அளக்க இது முரட்டு அளவுகோல். 2025 கோவாவில் முதல் தரவரிசையில் இருந்த குகேஷ் மூன்றாம் சுற்றிலும், பிரக்ஞானந்தா நான்காம் சுற்றிலும் வெளியேறினார்கள். 19 வயது சிந்தாரோவ் கோப்பையை வென்றார், வெய் யி இரண்டாமிடம், எசிபென்கோ மூன்றாமிடம். மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள், ஆடித்தான் வாங்கினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 8 இடத்தில் 3 இடத்தை இரண்டு ஆட்ட மேட்சுகளை நம்பிக் கொடுப்பது அதிகம்.

அதில் ஒரு விசித்திரமும் உண்டு, அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்த இருவருக்கும் கேண்டிடேட்ஸ் இடம் ஏற்கெனவே கையில். அவர்கள் கோப்பைக்குத்தான் ஆடுகிறார்கள். பக்கத்து போர்டில் மூன்றாம் இடத்துக்கு மோதும் இருவருக்குத்தான் வாழ்க்கையே அந்த மேட்சில் இருக்கிறது. பிள்ளைகளை அந்த போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 பாகு உலகக் கோப்பையில் நான்காம் இடம் வந்த அபாசோவுக்கும் இடம் கிடைத்தது, கோப்பையை வென்ற கார்ல்சன் வேண்டாம் என்று சொன்னதால். தரவரிசையில் அவர் மிகவும் பின்னால் இருந்தவர். டொரோண்டோவில் 14 ஆட்டத்தில் 3.5 புள்ளிதான் எடுத்தார். அவரை அங்கே அனுப்பியது விதி, அவர் மேல் தப்பில்லை. ஆனால் இரட்டைச் சுற்றுப் போட்டியில் ஒருவர் மட்டும் பலம் குறைந்து நின்றால், மற்ற ஏழு பேருக்கும் அவரை வெல்வது கட்டாயம் ஆகிவிடும். தவறவிட்ட அரைப் புள்ளி கடைசியில் கழுத்தை அறுக்கும். குகேஷ் அவரோடு ஆடிய இரண்டையும் வென்றார்.

சர்க்யூட்டின் கருத்து நல்லது. ஆண்டு முழுக்க வலுவான போட்டிகளில் யார் தொடர்ந்து நன்றாக ஆடுகிறார் என்று பார்த்து இடம் தருவது, உலகக் கோப்பையின் ஒரு நாள் விபத்துக்குச் சரியான மாற்று. 2024க்கு கருவானாவும் 2025க்கு பிரக்ஞானந்தாவும் வந்தது இந்த வாசலில்தான், இருவரும் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். பழுது எங்கே என்றால், ஆண்டின் கடைசி மாதத்தில். புள்ளிப் பட்டியல் திறந்து கிடக்கிறது, யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பணம் இருக்கிற நாடோ மாநிலமோ அவசரமாக ஒரு வலுவான போட்டியை ஏற்பாடு செய்தால் தன் ஆளுக்கு வாய்ப்பு உருவாக்கலாம்.

இதை எடுத்துச் சொல்லும்போது வேறு ஊரைக் கைகாட்ட முடியாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த சில நாட்களில், சென்னையிலேயே தமிழக அரசின் ஆதரவில் கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. 8 பேர், 7 சுற்று. குகேஷும் அர்ஜுனும் 4.5 புள்ளியில் சமமாக நிற்க, டை-பிரேக்கில் குகேஷ் முதலிடம். அந்தப் புள்ளி அவரைக் கேண்டிடேட்ஸுக்குக் கொண்டுபோனது. போட்டி விதிக்கு உட்பட்டது, வந்தவர்கள் பலமானவர்கள், ஆட்டங்கள் நேர்மையானவை. ஆனாலும் இப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடியாத நாட்டில் பிறந்த ஆட்டக்காரருக்கு இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நம் பிள்ளை பயனடைந்தார் என்பதற்காக விதியின் ஓட்டையை மறைக்கக் கூடாது. மருந்தும் எளிது: சர்க்யூட்டில் சேரும் போட்டிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும், பிறகு சேர்க்கக் கூடாது. அதைச் செய்தால் 8 கொடுப்போம். இப்போதைக்கு 5.

ரேட்டிங் வாசலுக்கு 2. மூன்று முறை தொடர்ந்து அது தன் பலவீனத்தைக் காட்டிவிட்டது. 2022இல் கர்யாகினுக்குத் தடை வந்து ஓர் இடம் காலியானபோது, ரேட்டிங்கில் மேலே இருந்த டிங் லிரெனுக்குத் தேவையான 30 ஆட்டக் கணக்கு இல்லை. கோவிட் காலக் கட்டுப்பாடுகளால் அவர் வெளியே வந்து ஆடவே முடியாமல் இருந்தார். சீனாவில் அவசரமாகப் போட்டிகள் நடத்திக் கணக்கை நிரப்பினார்கள். 2023 டிசம்பரில் ஃபிரூஜா, வெஸ்லி சோவை முந்துவதற்காக பிரான்ஸில் தனக்கென ஏற்பாடான மேட்சுகளில் ஆடினார். ஃபிடே அவற்றைக் கணக்கில் எடுக்க மறுத்தது. உடனே ரூவன் நகரத்து ஓப்பன் போட்டியில் ஆடி 7க்கு 7 எடுத்து இடத்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு ஃபிடே ஒரு நாள் பட்டியலை விட்டுவிட்டு ஆறு மாத சராசரிக்கு மாறியது, குறைந்தது 40 ஆட்டம் என்றது. 2025இல் நகமுரா அந்த 40ஐ நிரப்ப அமெரிக்காவில் சின்னச் சின்ன ஓப்பன்களுக்குப் போய் ஆடினார்.

இவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. விதி எப்படி இருக்கிறதோ அப்படி நடந்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். மேல்மட்ட ஆட்டக்காரருக்கு ரேட்டிங் மாற்றத்தின் பெருக்கு எண் 10. 400 புள்ளி வித்தியாசத்தில் எதிர்பார்ப்பு 0.92. வென்றால் 0.8 கூடும். வித்தியாசம் 400க்கு மேல் போனாலும் 400 என்றே நெடுங்காலம் கணக்கு வைத்ததால், 800 புள்ளி குறைந்தவரை வென்றாலும் அதே 0.8. பத்து ஆட்டம் ஆடினால் 8 புள்ளி. உலகத் தரத்தில் அடுத்தடுத்த இருவருக்கு நடுவே அவ்வளவு வித்தியாசமே பல சமயம் இருப்பதில்லை. உட்கார்ந்து காக்க வேண்டிய சொத்தாக ரேட்டிங் ஆகிவிட்டால் பலமானவர்கள் ஆடாமல் இருப்பார்கள், இல்லாவிட்டால் பலவீனமானவர்களோடு ஆடுவார்கள். இரண்டுமே செஸ்ஸுக்குக் கேடு. இந்த ஒரு இடத்தையும் உலகக் கோப்பையின் மூன்றாம் இடத்தையும் எடுத்து கிராண்ட் ஸ்விஸ்ஸுக்குக் கொடுத்தால் அங்கே 4 ஆகும். எங்கள் பரிந்துரை அதுதான்.

உள்ளே போனதும் காட்சி மாறிவிடும். 8 பேர், ஒவ்வொருவரோடும் வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று. தலைக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. நிறத்தில் யாருக்கும் சலுகை இல்லை. எதிராளியில் யாருக்கும் அதிர்ஷ்டம் இல்லை. ஓய்வு நாள்கள் உண்டு. எந்த வாசலில் வந்தாலும் இந்த 14 ஆட்டம் யாரையும் சும்மா விடாது.

டொரோண்டோவின் நேரக் கட்டுப்பாடு தனியாகப் பேச வேண்டிய விஷயம். முதல் 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம், பிறகு 30 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுவது 41ஆம் நகர்த்தலிலிருந்துதான். அதாவது 40 வரை ஒரு விநாடியும் கூடாது. நம் ஊர் ஓப்பன்களில் 90 நிமிடமும் முதல் நகர்த்தலிலிருந்தே 30 விநாடியும் பழகிய பிள்ளைகளுக்கு இதன் கொடூரம் சட்டென்று புரியாது. 32ஆம் நகர்த்தலில் 2 நிமிடம் மிச்சம் என்றால், நம் ஊரில் தப்பிக்கலாம். அங்கே ஒன்பது நகர்த்தலை அந்த 2 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஏழாம் சுற்றில் குகேஷ் ஃபிரூஜாவிடம் தோற்றது இப்படியொரு நேர நெருக்கடியில்தான். மறுநாள் ஓய்வு. எட்டாம் சுற்றில் வந்து விதித்தை வென்றார். நாக்அவுட்டாக இருந்திருந்தால் அந்தத் தோல்வியோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். நீண்ட போட்டி ஒருவரின் ஆட்டத்தோடு மனத்தையும் அளக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முடிவும் அந்தப் போட்டிக்குத் தகுந்த மாதிரியே அமைந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் குகேஷ் 8.5, பின்னால் மூவர் 8. குகேஷ் கறுப்பில் நகமுராவோடு டிரா செய்து 9க்கு வந்தார். நெபோம்னியாச்சி, கருவானா இருவரில் யார் வென்றாலும் 9 ஆகிவிடும், பிளே-ஆஃப் வரும். கருவானா கையில் வெற்றி பலமுறை வந்து வந்து நழுவியது. 109 நகர்த்தலில் டிரா. மூவரும் 8.5. டொரோண்டோவில் சுற்று தொடங்கும் நேரம் நமக்கு நள்ளிரவு 12 மணி, ஆகவே ஏப்ரல் 22 விடியற்காலையில்தான் இங்கே முடிவு தெரிந்தது. இலவச நேரலையும் வர்ணனையும் தாராளமாகக் கிடைத்தன. பார்வையாளருக்குச் செய்யும் சேவையில் குறை இல்லை, நேரம் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

முதலிடத்தில் சமம் வந்தால் இப்போது ரேபிட் ஆட்டம் ஆடித் தீர்க்கிறார்கள். நல்ல மாற்றம். 2013 லண்டனில் கார்ல்சனும் கிராம்னிக்கும் 8.5இல் சமமாக நின்றபோது, அதிக வெற்றி என்ற கணக்கில் கார்ல்சன் போனார், 5க்கு 4. அந்தக் கார்ல்சன்தான் அதே ஆண்டு சென்னைக்கு வந்து ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறித்தார். சாம்பியன் யாரை எதிர்கொள்வார் என்பது ஒரு டை-பிரேக் வரியில் நின்றது.

இரண்டாம் இடத்துக்கு மட்டும் இன்னும் அந்த அக்கறை இல்லை. 2022 மாட்ரிட்டில் நெபோம்னியாச்சி 9.5 எடுத்துத் தோல்வியே இல்லாமல் வென்றார். கடைசிச் சுற்றில் நகமுராவுக்கு டிரா போதும், இரண்டாம் இடம் அவருக்கு. டிங் வென்று அந்த இடத்தைப் பிடித்தார். பிறகு கார்ல்சன் பட்டத்தைக் காக்க மாட்டேன் என்று சொன்னதும், அந்த இரண்டாம் இடம் உலகப் பட்ட ஆட்டத்துக்கு டிக்கெட் ஆனது. டிங் 2023இல் சாம்பியனும் ஆனார். இரண்டாம் இடத்துக்கு இவ்வளவு கனம் வரக்கூடும் என்றால், அதற்கும் பிளே-ஆஃப் வைத்துவிடுவதே முறை.

இந்த முறையை நம் பகுதி செஸ் மன்றத்திலோ பள்ளியிலோ வைத்து ஆள் தேர்வு செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். 4 போர்டு, 4 டிஜிட்டல் கடிகாரம், ஓர் ஆர்பிட்டர், நகர்த்தல்களை எழுத 112 ஸ்கோர் ஷீட். 60 நிமிடம் கூட்டல் 30 விநாடி வைத்தால், 60 நகர்த்தல் ஆட்டம் 3 மணி நேரத்தில் முடியும். ஞாயிறுக்கு இரண்டு சுற்று, 7 வாரம். ஜூன் கடைசியில் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் முடித்துவிடலாம். அக்டோபருக்குத் தள்ளாதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பிள்ளைகள் பெரம்பூர் வந்து சேரவே முடியாது, வாக்-ஓவர் கொடுத்துப் போட்டியே நாசமாகும்.

சுற்று அட்டவணைக்கு பெர்கர் பட்டியலைப் பயன்படுத்துங்கள். முதல் சுற்று 1-8, 2-7, 3-6, 4-5. இரண்டாம் சுற்று 8-5, 6-4, 7-3, 1-2. முதலில் எழுதிய எண்ணுக்கு வெள்ளை. எண்களைக் குலுக்கலில் கொடுங்கள், ஒரே பயிற்சியாளரின் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே மோதும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் நிறத்தை மாற்றி அதே வரிசை. பலரும் தவறும் இடம் இங்கேதான்: முதல் பாதியின் கடைசி இரண்டு சுற்றுகளை முன்பின்னாக மாற்றிப் போட வேண்டும். போடாவிட்டால் சிலருக்குத் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஒரே நிறம் வரும்.

யாராவது நடுவில் நின்றுவிட்டால் சண்டை வரும், அதற்கான விதியை முதல் நாளே படித்துக் காட்டிவிடுங்கள். 7 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடி விலகினால், அவரோடு ஆடி எடுத்த புள்ளி மட்டும் எல்லோருக்கும் தரவரிசைக் கணக்கிலிருந்து நீங்கும். 7 அல்லது அதற்கு மேல் ஆடிவிட்டு விலகினால், ஆடியது நிற்கும், மிச்சம் எதிராளிகளுக்கு வெற்றி. சமநிலைக்கு சோன்போர்ன்-பெர்கர்: நீங்கள் வென்ற எதிராளிகளின் மொத்தப் புள்ளி முழுதாக, டிரா செய்தவர்களின் புள்ளி பாதியாகக் கூட்டினால் வரும். அதைக் கீழ் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்துக்கு இரண்டு ரேபிட் ஆட்டம், 15 நிமிடம் கூட்டல் 10 விநாடி, அன்றைக்கே.

கடைசிச் சுற்றின் நான்கு போர்டையும் ஒரே மணிக்குத் தொடங்குங்கள். ஒருவர் ஊருக்குப் போகிறார், திருமணம் இருக்கிறது என்று ஓர் ஆட்டத்தைக்கூட முன்கூட்டி ஆடவிட்டால், மீதி மூன்று போர்டில் உட்காருபவர்களுக்குத் தங்களுக்கு டிரா போதுமா, வெற்றி வேண்டுமா என்று முதல் நகர்த்தலுக்கு முன்பே தெரிந்துவிடும்.